எஞ்சின் டேம்பர் வீட்லயே மாட்டப் போறீங்களா?

தாராளமா மாட்டலாம். அது ஒரு குட்டி ஷாக் அப்சார்பர். ஒரு முனை எஞ்சின்ல, மறுமுனை பாடியில. எஞ்சின் நல்லா ஆறட்டும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் வெச்சே முறுக்குங்க. ரொம்ப இறுக்கமா செட் பண்ணினா அதிர்வு ஸ்டீயரிங் வரைக்கும் வரும்.

ஆனா முதல்ல மவுன்ட்டைப் பாருங்க. பானெட்டைத் திறந்து, இன்னொருத்தரை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எஞ்சின் ரொம்பத் துள்ளினா தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கலாம். அதுமேல டேம்பர் மாட்டினா ஆட்டம் மறையும், கிழிசல் வளரும். வயித்துவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு, அப்பென்டிக்ஸ் வெடிச்சப்புறம் வர்றவங்களை நைட் டியூட்டில பார்க்கிறோமே, அதே கதைதான்.

மவுன்ட்டைப் பார்க்க அடியில போகணும்னா, ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீங்க. ஸ்டாண்ட் கொடுங்க. இல்லையா, மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.