நடுவில் கிடக்கிற நாடு

அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். அண்ணனுக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். எனக்கு வெறும் திருவண்ணாமலை. மூணு பேரும் பிறந்தது ஒரே ஊரில்தான்.

தேவாரத் தலங்களைப் பிரிக்கும்போது எங்க ஊர் நடுநாட்டில் வரும். எதுக்கு நடு? தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும். அவங்களுக்குச் சொந்தமா பேர் இருக்கு. நமக்கு, அவங்க ரெண்டு பேருக்கும் இடையில் கிடக்கிற இடம் என்பதே பேர். அதற்குள்ளேயே அப்பர் பிறந்த திருமுனைப்பாடி. முனை என்றால் போர்முனை, பாடி என்றால் படை தங்குமிடம். தேவாரம் பிறந்த மண்ணுக்குப் பாசறையின் பெயர்! ஜெர்மன் மொழியில் எல்லைப்புற நிலத்தை ‘மார்க்’ என்பார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டையர்மார்க், காவல் வேலை எப்போதோ முடிந்தும், அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

இங்கே அப்படி இல்லை. படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயர் பெயரை 1989இல், மாவட்டத்தைப் பிரித்தபோது சேர்த்தார்கள். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களையெல்லாம் நீக்கியபோது அதுவும் போச்சு. சாதிச் சண்டைக்குப் பயந்து எடுத்த முடிவு. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கி ஆண்ட ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளனின் பெயர் கோயில் கோபுரத்தில் இன்னும் நிற்கிறது. பக்கத்துப் படைவீட்டுக்காரருக்குக் கிடைத்தது எட்டே வருஷம். அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.