பின்கட்டுக் குளமும் பச்சைத் தண்ணீரும்



ஆடி மாதம் நான் போட்ட பச்சைக் குளத்தின் படத்துக்குக் கீழே வந்த யோசனைகளை நேற்று உட்கார்ந்து எண்ணினேன். முப்பதுக்கு மேல் இருந்தன. "டீச்சர், தண்ணி தெளிஞ்சுதா?" என்று இன்னும் பலர் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத என் விரல் ஒத்துழைக்காது. அதனால் இந்த ஒரே பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் குளத்தைப் பற்றி. பெரிய குளமெல்லாம் இல்லை. ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் குழித்தறி இருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒன்று இருந்தது. அவர் முப்பத்தைந்து வருஷம் அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டுச் சேலை நெய்தார். மூட்டுவலி வந்து தறியைப் பிரித்துக் கொடுத்த பிறகு, குழியை மூட அவருக்கு மனம் வரவில்லை. ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு, குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தி, சிமெண்ட் பூசித் தண்ணீர் விட்டார். உட்கார்ந்து நெய்த கல்லை மட்டும் பூசாமல் அப்படியே விட்டுவிட்டார். 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். என்னிடம் படித்தவர்கள் கணக்குப் போடுங்கள்: 60 கன அடி, ஏறக்குறைய 1,700 லிட்டர்.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் பெங்களூரிலிருந்து வந்த மகன், "பாசி புடிச்சு நாறுதும்மா. டெங்கு சீசன் வேற. மண்ணைக் கொட்டி மூடிட்டா கார் நிறுத்தலாம்" என்றான். கொசு ஒழிப்புக்கு வந்த பெண்ணும் எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "தீபாவளி வரைக்கும் டைம் கொடுடா" என்று மகனிடம் சொன்னேன். பச்சைத் தண்ணீரோடு என் சண்டை அப்படித்தான் தொடங்கியது.

பாசி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒன்றல்ல. கல்லில் வழுக்குவது ஒரு வகை. தலைமுடி மாதிரி நீளமாக மிதக்கும் கொடிப்பாசி இன்னொன்று. ஸ்பைரோகைரா படம் வரைந்து பாகம் குறித்தது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். தண்ணீரே கீரை கரைத்ததுபோல் ஆவது மூன்றாவது. அது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி, கோடிக்கணக்கில். இது தவிர நீலப்பச்சைப் பாசி என்று பெயிண்ட் ஆடை மாதிரி மிதப்பது ஒன்று உண்டு. அதில் சில வகைகளில் விஷம் இருக்கும். 2020-ல் போட்ஸ்வானா நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்ததற்கு, தண்ணீரில் இருந்த இந்த வகை விஷம்தான் காரணம் என்று அந்த நாட்டு அரசு சொன்னது. அப்படிப்பட்ட ஆடை மிதக்கும் தண்ணீரை மாட்டுக்கோ நாய்க்கோ காட்டாதீர்கள். என் குளத்தில் இருந்தது கீரைத் தண்ணீரும் கொடிப்பாசியும்தான்.

இந்தப் பாசிகளை ஆராய்வதில் நம் சென்னைக்குப் பெரிய பெயர் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். வற்றிய மழைநீர்க் குட்டைகளின் ஈரமண்ணில் வளரும் ஒரு பாசியை அவர் 1932-ல் விவரித்து, ஃபிரிட்ஷ் என்ற ஆங்கிலேய அறிஞரைச் சிறப்பிக்க 'ஃபிரிட்ஷியெல்லா' என்று பெயர் வைத்தார். நாம் காலைத் தூக்கித் தாண்டிப் போகும் குட்டையில் இவ்வளவு இருக்கிறது.

சரி, சண்டைக்கு வருவோம்.

முதலில் இறங்கியது என் தம்பி. "அக்கா, நீ சும்மா இரு" என்று மோட்டார் போட்டு முழுத் தண்ணீரையும் இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டான். பத்து நாளில் மறுபடி பச்சை. திரும்ப இறைத்தான். அதே கதை. அடியில் இருந்த சேறு அப்படியே, மேலே வெயில் அப்படியே, பாசியைத் தின்னும் தண்ணீர்த் தெள்ளு என்ற பொடிப் பூச்சிகள் மட்டும் தண்ணீரோடு தெருச் சாக்கடைக்குப் போய்விட்டன. பாசிக்கு அது கொண்டாட்டம்.

மயில்துத்தம் போடச் சொன்னவர்கள் ஐந்து பேர். பாசி சாகும், உண்மை. ஆனால் அளவு கொஞ்சம் தப்பினால் மீனும் நத்தையும் சாகும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பாசி இரவில் ஆக்சிஜனை இழுப்பதால், விடியற்காலை 5 மணிக்கு என் கப்பி மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தக் காட்சியைப் பார்த்தவளுக்கு மயில்துத்தம் போடக் கை வராது. தேத்தாங்கொட்டை சொன்ன சம்பந்தியம்மாவுக்கு: அது சேற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கும், நம் பாட்டிமார் குடத்தில் உரைத்தது சரிதான். ஆனால் பாசிக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தால் எத்தனை கொட்டை உரைத்தாலும் தீராது.

அந்தச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டதுதான் எனக்கு வழி காட்டியது. "டீச்சர், நூல் வேகவைக்கிற தண்ணி போற வாய்க்கால்ல மட்டும் பாசி ஏன் அப்படி மண்டுது?" என்றார். யோசித்தேன். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் வரை எடை குறையும் என்பது நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். குறைவது செரிசின் என்ற பசை. அது புரதம். புரதம் என்றால் நைட்ரஜன், அதாவது உரம். வாய்க்காலுக்கு ஊரே உரம் போடுகிறது. அப்படியானால் என் குளத்துக்கு உரம் போடுவது யார்?

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆவணியில் நல்ல மழை. ஒவ்வொரு மழைக்கும் மூன்றாம் நான்காம் நாள் தண்ணீர் கரும்பச்சையானது. அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் நின்று பார்த்தேன். துணி துவைக்கிற கல் இருக்கும் பக்கம் மேடு. அங்கே தேங்கிய சோப்புத் தண்ணீர் முழுக்க மழையோடு சேர்ந்து குளத்துக்குள் இறங்குகிறது! சலவைத் தூள் பலவற்றில் பாஸ்பேட் உண்டு. கனடாவில் 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்பவரின் குழு, 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. என் வீட்டில் அந்தச் சோதனையைத் துவைக்கிற கல் செய்துகொண்டிருந்தது.

கொத்தனாரை வைத்து இரண்டு வரிசைச் செங்கல்லில் கரை கட்டி, சோப்புத் தண்ணீரை வாழை மரத்துப் பக்கம் திருப்பினேன். அரை நாள் வேலை. பேரன் லீவுக்கு வந்தால் படி படியாகப் பொரி கொட்டுவான். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுதான் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். ஆறு கப்பி அறுபதுக்கு மேல் ஆகியிருந்தது, அதுவும் கழிவுதானே. கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன். அடிச்சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி ரோஜாச் செடிக்குப் போட்டேன். தண்ணீர் மாற்றினால் கால் பங்குக்கு மேல் மாற்றுவதில்லை.

கொடிப்பாசியை எடுக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. சொரசொரப்பான குச்சியை விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினால் அப்படியே சுற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த கை, மறக்கவில்லை.

வெயிலை மறைக்க அல்லிச் செடி இரண்டு தொட்டி. இலை பரவ ஒன்றரை மாதம் ஆயிற்று. தண்ணீரின் மேல்பரப்பில் பாதிக்கு மேல் நிழல் விழ வேண்டும். அதுவரை ஒரு மூலையில் மூங்கில் சட்டம் மிதக்கவிட்டு அசோலா வளர்த்தேன். அதன் இலைக்குள்ளேயே ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அசோலாவுக்குத் தண்ணீரிலிருந்து முக்கியமாக வேண்டியது பாஸ்பரஸ். வாரா வாரம் பாதியை அள்ளி வெளியே எடுத்தால் பாஸ்பரஸும் சேர்ந்து வெளியே போகும். அள்ளாமல் விட்டால் பிரயோசனமில்லை, மடிந்து திரும்பக் குளத்துக்கே போகும். ஆகாயத்தாமரை போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: தயவுசெய்து வேண்டாம், ஏரிகளில் அது பண்ணுகிற கூத்து போதும்.

புரட்டாசிக் கடைசியில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஐப்பசி பிறந்தபோது அடி தெரிந்தது. கொசு ஒழிப்புப் பெண் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு புழுகூட இல்லை, மீன் தின்றுவிடுகிறது. சிரித்துக்கொண்டே போனாள்.

தீபாவளிக்கு மகன் வந்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குனிந்து தண்ணீருக்குள் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் தொடை பட்டுப் பட்டு வழவழப்பாகத் தேய்ந்த இடம், இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது. "இது இங்கதான் இருக்குதாம்மா?" என்றான். மண் கொட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. கார் இந்தத் தடவையும் தெருமுனையில்தான் நின்றது. அடுத்த வருஷம் என்ன சொல்வானோ, தெரியாது.

அசோலா இப்போது தேவைக்கு மேல் இருக்கிறது. மாடோ கோழியோ வைத்திருப்பவர்கள் பாத்திரம் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகலாம். கப்பியும் தருவேன், ஆனால் குட்டையிலோ ஏரியிலோ விடமாட்டேன் என்று சொல்பவர்களுக்கு மட்டும். மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் கதவைத் தட்டினால் திறக்கமாட்டேன், தூங்கிக்கொண்டிருப்பேன்.