‘இது உங்களுக்கு வேண்டாம்ணே!’

பெரும்பாறையைத் தாண்டி இரண்டு வளைவுகூட ஏறியிருக்க மாட்டார்கள். முன்சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் மூக்கைச் சுளித்தார்.

“என்னடா, பிளாஸ்டிக் கருகுற மாதிரி இருக்கு?”

இரவு எட்டரை மணி. மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. திண்டுக்கல்லில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இரண்டாவது முறை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தாண்டிக்குடி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மனைவி, மடியில் மருந்துப் பை. அவர் ஜீப்பை ஓரம் கட்டுவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்துவிட்டது. கூரைமேல் இருந்த லைட் பாரின் சுவிட்சை அணைத்தார். புகை நிற்கவில்லை. இன்ஜினை அணைத்தார். அப்போதும் நிற்கவில்லை.

பானட்டைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிவப்பு வயர் மெழுகுபோல உருகிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்ற வேண்டும். கையில் ஸ்பேனர் இல்லை. மேலேயிருந்து மலைவாழைத் தார் ஏற்றி வந்த பிக்கப் டிரைவர் ஒருவர் நிறுத்தி, பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு ஓடிவந்து டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. அதுவரை, எழுபத்தெட்டு வயது அம்மா ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு, சாலையோரக் கல்வெர்ட்டு மேல் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானை நடமாட்டம் உள்ள ரோடு அது.

அந்த வயரைப் போட்டவர்கள் ரோட்டோர ஆட்கள் அல்ல. நகரத்தில், கண்ணாடிக் கதவும் ஏ.சி-யும் வைத்த பெரிய கடை.

*

பட்டிவீரன்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றுவட்டாரத்தில் காபித் தோட்டம் இருக்கும். காபி, ஊடுபயிராக மிளகு, வாழை, ஆரஞ்சு. அவருடைய அப்பா காலத்தில் வீட்டில் ஓர் எம்.எம்.540 ஜீப் நின்றது. அதில் என்ன உடைந்தாலும் வத்தலக்குண்டு வெல்டிங் பட்டறையில் ஓர் இரும்புத் துண்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். கம்பெனி கொடுத்த பம்பர் எது, பட்டறை கொடுத்தது எது என்று கடைசிக் காலத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ஜீப்பில் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. அதனால் அந்த வைத்தியம் செல்லுபடியானது.

அவர் வாங்கியது 2020-க்குப் பிறகு வந்த புது வகை தார், செகண்ட் ஹேண்டில். பார்வைக்குப் பழைய ஜீப்பின் பேரன் மாதிரிதான் இருக்கும். உள்ளே வேறு ஜாதி. அதைத்தான் அவரும் யோசிக்கவில்லை, அந்தக் கடைக்காரர்களும் யோசிக்கவில்லை.

கடையில் ராஜமரியாதை. ஃபில்டர் காபி வந்தது. பெரிய டி.வி-யில் சேற்றில் பாயும் ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘ஆஃப்-ரோடு பேக்கேஜ்’ என்று மொத்தமாக ஒரு விலை சொன்னார்கள்: கனமான இரும்பு பம்பர், கூரையில் லைட் பார், முன்னால் இரண்டு உருண்டை விளக்கு, காற்றை மேலிருந்து இழுக்கும் ஸ்நோர்கெல், ஒரு சைஸ் பெரிய டயர். “மலைக்குப் போற வண்டி சார், இதெல்லாம் இல்லாம எப்படி?” என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு அந்த வாக்கியம் ஒன்று போதும். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், மறுநாள் வந்து எடுத்தார். பில் ஒரே வரியில் இருந்தது.

எங்கே ஓட்டுவீர்கள், யாரெல்லாம் ஏறுவார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பெரிய டயர் மாட்டியதும் வண்டி இன்னும் உயர்ந்தது. அன்று முதல் அம்மா ஏறுவதற்கு வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மனைவி அதைப் பார்த்து, “எல்லாம் மாட்டுனீங்க, ஏறுறதுக்கு மட்டும் ஒண்ணும் மாட்டல” என்று அப்போதே சொன்னார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

புகை வந்த மறுவாரம் கடைக்குப் போனால், “கரன்ட் ஏத்தம் இறக்கம் சார், வண்டியிலதான் ஏதோ ஃபால்ட்” என்றார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில், வெளியாள் வயரை வெட்டி ஒட்டியிருப்பதால் அந்தப் பகுதிக்கு வாரன்ட்டி கேட்க முடியாது என்றார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இன்னொரு குண்டைப் போட்டார். கூடுதலாக மாட்டிய பொருள்களைப் பாலிசியில் தெரிவித்திருக்க வேண்டுமாம். தெரிவிக்காத ஒன்றால் தீப்பிடித்திருந்தால், க்ளெய்ம் கொடுக்க மறுக்கவே காரணம் ஆகியிருக்குமாம்.

அதன் பிறகு இரண்டு கடை பார்த்தார். ஒருவர், “பிரிச்சுப் பாக்காமலே சொல்றேன், மொத்தமா புது வயரிங் போட்டுருவோம்” என்றார். இன்னொருவர், வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்டதற்கு முகம் சுளித்தார். கடைக்குப் போட்டிருந்த நட்சத்திரங்களை எண்ணி ஏமாந்த மனுஷன், இந்த முறை வேறு வழியில் போனார். தாண்டிக்குடி பஸ் நிறுத்தத்தில் நின்று, காபி மூட்டை ஏற்றும் ஜீப் டிரைவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: “உங்க வண்டிக்கு வயரிங் வேலை யாருகிட்ட பாக்குறீங்க?” தினமும் அந்த ரோட்டில் ஏறி இறங்கிப் பிழைப்பவர்கள் அவர்கள். ராத்திரியில் விளக்கு போனால் அன்றைய வாடகை போச்சு. நான்கு பேரில் மூன்று பேர் ஒரே ஆளைச் சொன்னார்கள். வத்தலக்குண்டில் ஒரு பாய்.

நாலாமவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். “நல்லாத்தான் பாப்பாரு. ஆனா நாம கேக்குறத மாட்ட மாட்டாரு. அதான் எனக்குச் சண்டை.”

*

ஒற்றை ஷட்டர். பேட்டரி சார்ஜர், வயர் உருளைகள், ஒரு மர ஸ்டூல். ஆஃப்-ரோடு என்று எந்த போர்டும் இல்லை. பாய்க்கு அறுபது இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தி, “உக்காந்து பாருங்கண்ணே. நான் என்ன கழட்டுறேன்னு உங்களுக்குத் தெரியணும்ல” என்றார்.

இரண்டு மணி நேரம் கழற்றினார். கருகிய வயரைப் பழைய செய்தித்தாளில் நீளமாகப் பரப்பி வைத்தார். ஓரிடத்தில் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது.

“இந்தா, இங்கதான். இரும்புத் தகட்டுல ஓட்டை போட்டு வயர உள்ள விட்டுருக்கான். ரப்பர் புஷ் போடல. வண்டி ஆட ஆட வயர் தேஞ்சு பாடில பட்டுருச்சு. சுவிட்சுக்கு முன்னாடியே பட்டதுனால, நீங்க சுவிட்ச அணைச்சும் நிக்கல.”

“இவ்வளவு சூடாகுமா பாய்?”

“ஃபியூஸ் இருந்தா அந்த நிமிஷமே அது போயிருக்கும். அஞ்சு ரூவா சாமான். பேட்டரி பக்கத்துலேயே ஒண்ணு இருக்கணும், வைக்கல.”

பிறகு அந்தச் செய்தித்தாள் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 100 வாட்ஸ் உருண்டை விளக்கு இரண்டு. 12 வோல்ட் பேட்டரிக்கு 200 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். அதே வயரில்தான் லைட் பாரையும் கோத்திருந்தார்கள். “வீட்டுல ஏ.சி-க்கு, நைட் லாம்ப் வயரு போடுவீங்களா?” என்று கேட்டார். விளக்குக்குப் போகும் கனமான மின்சாரம் ஒரு ரிலே வழியாகத் தடித்த வயரில் போக வேண்டும், விரல் படும் சுவிட்சுக்கு ரிலேயை எழுப்பும் அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போனால் போதும். இதைப் பத்தே நிமிடத்தில் அவருக்குப் புரியவைத்தார். நகரத்துக் கடையில் ஒன்றரை நாள் வண்டி நின்றும் இந்தப் பேச்சே எழவில்லை.

அடுத்துதான் சங்கடம் ஆரம்பித்தது. என்ன வைக்கலாம், எதைக் கழற்றலாம்?

லைட் பாரைப் பார்த்துப் பாய் தலையாட்டினார். “இது உங்களுக்கு வேண்டாம்ணே. மூட்டத்துல மேல இருந்து அடிச்சா வெள்ளச் சுவருதான் தெரியும். எதுக்க வர்றவனுக்கும் கண்ணு போயிரும்.” அது உண்மை. மூட்டத்தில் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வரும். பம்பர் உயரத்தில், ரோட்டை ஒட்டி விழும் விளக்குதான் அங்கே உதவும். மஞ்சளா வெள்ளையா என்பது டீக்கடையில் முடியாத வாதம். கீழே இருக்க வேண்டும் என்பதில் வாதமே இல்லை.

ஸ்நோர்கெல்லைத் தட்டிப் பார்த்தார். “எந்த ஆத்துல எறங்கப் போறீங்க? மஞ்சளாறு டேம்லயா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டாற்றைக் கடக்கும் வண்டிக்கு அது தேவை. தோட்டத்து ஓடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். போதாக்குறைக்கு இணைப்பு சரியாக இறுகாமல், ஃபில்டரைத் தாண்டித் தூசி போக வழி செய்திருந்தார்கள்.

பம்பரிடம் வந்ததும் பாயின் குரல் மாறியது. “அம்மா முன்னாடிதான உக்காருவாங்க? அப்ப இத மொதல்ல கழட்டுங்க.”

இரும்பு பம்பர் வண்டிக்குக் காவல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த அதிர்வைக் கணக்கிட்டு ஏர்பேக் விரிய வேண்டும். சட்டகத்தில் நேரடியாக முடுக்கிய இரும்புக் கட்டை இந்த இரண்டையும் குழப்பிவிடும். எதிரே நடந்து வருபவர் கதி இன்னும் மோசம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இப்படிப்பட்ட கம்பி பம்பர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டி, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கலாம். மாட்டிவிட்ட கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடும், ரோட்டில் மாட்டுவது வண்டிக்காரர்தான்.

சரி, பழைய பம்பர்? அது நகரத்துக் கடையிலேயே இருந்தது. போன் செய்தால், “அது அப்பவே ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார்” என்றார்கள். நேரில் போய்ப் பார்த்தால், மாடிப்படிக்கு அடியில் விலைச்சீட்டு ஒட்டி நின்றுகொண்டிருந்தது! அவர் தயங்கி நிற்க, மனைவி கருகிய வயர்ச் சுருளைப் பையிலிருந்து எடுத்து, காபி குடித்துக்கொண்டிருந்த மற்ற வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பம்பர் ஐந்து நிமிடத்தில் வண்டியில் ஏறியது.

*

பாய் கடைசியில் மாட்டியவை கொஞ்சம்தான். கீழே இரண்டு ஃபாக் லேம்ப், ரிலேயும் ஃபியூஸும் வைத்து. டயர் விஷயத்தில், “அது என் தொழில் இல்லண்ணே, டயர்க்காரர்ட்ட கேளுங்க” என்று கையைத் தூக்கிவிட்டார். டயர்க்காரர், பெரிய சக்கரத்தில் ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் என்று சொல்லி, கம்பெனி அளவிலேயே மண் ரோட்டுக்கு ஏற்ற டயர் போட்டுக் கொடுத்தார். சேற்றில் மாட்டினால் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே பாதி நேரம் வெளியே வந்துவிடலாம் என்றும், தார் ரோடு வந்ததும் திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும் என்றும் சொன்னவரும் அவரே. பாதியிலேயே வண்டியில் ஓர் இழுவைப் பட்டையும், பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஏறின. ஸ்பேனர் மனைவியின் ஏற்பாடு.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் பாயின் கண்ணில் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூல் பட்டது.

“இது எதுக்குண்ணே?”

“அம்மா ஏறுறதுக்கு.”

பாய் கொஞ்ச நேரம் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோ செலவு பண்ணிருக்கீங்க. மொதல்ல இதுக்குல்ல பண்ணிருக்கணும்?”

கம்பெனி அக்சஸரியிலேயே பக்கவாட்டுப் படி கிடைக்கிறது, அதை வாங்கி வாருங்கள் என்றார். அடுத்த வாரம் அதை முடுக்கிவிட்டு, தானே அதன்மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்தார். பில்லைக் கையால் எழுதினார். வயர் எத்தனை மீட்டர், ரிலே எவ்வளவு, கூலி எவ்வளவு எல்லாம் தனித்தனி வரி. பின்பக்கத்தில் எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு படம். “நாளைக்கு நான் இல்லாட்டியும் வேற ஒருத்தன் பாத்து வேல செய்யணும்ல” என்று அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டிவிட்டார். ஒரு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். அன்று ஒரு ஸ்க்ரூவை இறுக்கியதற்குக் காசு வாங்கவில்லை.

கண் மறைப்பு எடுத்த பிறகு அம்மாவை ராத்திரியில் மேலே கூட்டிப்போனது ஐப்பசி மழையில். சித்தரேவில் டீ குடித்துவிட்டு, புதுப் படியில் கால் வைத்து, மகன் கையைப் பிடிக்காமலே ஏறி உட்கார்ந்தார். பெரும்பாறையைத் தாண்டியதும் மூட்டம் வந்தது. கீழ் விளக்கில் ரோட்டின் வெள்ளைக்கோடு மட்டும் பத்தடிக்குப் பத்தடி நகர்ந்து வந்தது. அந்த வளைவில் அம்மா திடீரென்று முன்னால் குனிந்து மூச்சை இழுத்தார்.

“என்னம்மா?”

“வாசனை பாக்குறேன்டா.”

வண்டியில் மூவரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். ஈர மண்ணும் எங்கேயோ பூத்திருந்த காட்டுப் பூவும்தான்.

“ஒண்ணுமில்ல. நீ ஓட்டு.”