உறைபனியில் கொடிகள்

உதகையில் அக்டோபர் பிறந்ததும் கொடிகளுக்கு யூரியாவை நிறுத்திவிடுவேன். பங்களாக்காரர்களுக்குப் பிடிக்காது. நன்றாக ஓடுகிற கொடியை ஏன் பட்டினி போடுகிறாய் என்பார்கள். அந்த ஓட்டம்தான் ஆபத்து. தழைச்சத்தில் விட்ட இளந்தளிரில் நீர் அதிகம், தோல் மெல்லிசு. முதலில் வருகிற நீர்ப்பனி ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் உறைபனி நேரே தளிரில்தான் கைவைக்கும்.

மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிக்குத்தான் பயப்பட வேண்டும். பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் மண் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தாவும் காந்தலும் வெளுத்துக் கிடக்கிற காலையில் மேட்டு வீட்டில் ஒன்றுமே இருக்காது. ஒரே கொடியிலும் இதே கதைதான். தரையை ஒட்டி முழங்கால் உயரம் கருகியிருக்கும். கூரை இறவாணத்துக்கு அடியில் ஏறிய நுனி பச்சையாக இருக்கும். அதனால் மேலே போர்த்துவதற்கு முன்னால் தூரை மூடுவேன்: ஒரு சாண் உயரம் மண் அணைத்து, அதன்மேல் காய்ந்த பெரணித் தழை.

ரோஜாக் கொடி இந்தக் குளிரை மதிப்பதே இல்லை, அதை விட்டுவிடலாம். காகிதப்பூவும் தாட்பூட் பழக்கொடியும் மேரக்காயும்தான் கவலை. மேரக்காய்த் தண்டு ஒரே ராத்திரியில் கறுத்துத் துவண்டுவிடும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்தால் போதும், மழைக்கு மறுபடி பந்தல் ஏறும்.

தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார்க் கொப்புகளால் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கைவிட அது எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் தொட்ட இலை கருகும். சுவரில் படர்ந்த கொடிக்குக் கொப்பு நிற்காது, சாக்குதான். இறவாணத்திலிருந்து தொங்கவிட்டு, இலையில் படாமல் மூங்கில் குச்சியால் முட்டுக் கொடுத்து, தரைவரை இறக்க வேண்டும். சிலர் கொடியை மட்டும் சாக்கால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். மண்ணிலிருந்து எழுகிற சூடு பிறகு எந்த வழியாக உள்ளே போகும்? வெயில் இறங்குமுன் சாக்கை விட வேண்டும், காலையில் பனி கரைந்த பிறகு சுருட்ட வேண்டும். பகலிலேயே தூருக்குத் தண்ணீர் காட்டிவிடுவேன். காய்ந்த மண்ணைவிட ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

புதுக்கொடி எங்கே நடலாம் என்று கேட்டால் மேற்குச் சுவரைக் காட்டுவேன். பொழுது சாயும்வரை வெயில் வாங்கிய கல் ராத்திரி மெல்ல மெல்லச் சூட்டை விடும். கிழக்குச் சுவரில் விடிந்ததும் வெயில் நேரே அடிக்கும், உறைந்த இலை சட்டென்று இளகிச் சேதம் கூடும். வாசல் கிழக்கே இருக்கிறது, பூ வாசலில்தான் வேண்டும் என்பவர்களிடம் என்ன சொல்ல?

ஜனவரியில், விருந்தாளிகள் வருகிறார்கள், கருகினதை வெட்டிவிடு என்பார்கள். வெட்டமாட்டேன். அந்தத் தழை உள்ளே இருக்கும் மொட்டுகளுக்கு மறைப்பு. போதாததற்கு, வெட்டின கொடி துளிர்க்கப் பார்க்கும், அடுத்த பனி அதையும் எடுத்துக்கொள்ளும். பிப்ரவரி கடைசியில் பட்டையை நகத்தால் கீறி, பச்சை தெரிகிற இடம்வரை வெட்டுவேன். சில வருடங்களில் அணைத்த மண்ணுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பச்சை தெரியும். அந்த மண்ணைக் கோடை மழைவரை கலைப்பதில்லை.