ஆயில் சீல் ஏன் போச்சு?

லீவுக்கு ஊருக்குப் போனா, வீட்டு வண்டியோட பின் சக்கரத்தை உள்பக்கமா ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. மண் அப்பி, கறுப்பா ஈரமா இருந்தா தொட்டு மோந்து பாருங்க. பிசுபிசுன்னு அழுகின முட்டை வாடை அடிச்சா அது கியர் ஆயில். தண்ணி மாதிரி மெலிசா இருந்தா பிரேக் ஆயில். ரெண்டுமே ஆபத்து. இங்க நான் சொல்றது முதல் கதை.

எங்க ஊர் முகையூர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையும் பெருகுச்சு. சித்தப்பாவோட ஆம்னி அப்போ தண்ணி நின்ன ரோட்டுலயே ஓடுச்சு. சில மாசம் கழிச்சு, பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுத்தது. அதாவது வலது பக்கம் சரியா பிடிக்கல. தெருவுல யாருக்கு முடியலன்னாலும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறது அந்த வண்டிதான்.

ஆம்னியில பின் ஆக்சில் குழாய் முனையில ஒரு ஆயில் சீல் இருக்கு. வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, அதை ஆக்சிலோட அணைச்சுப் பிடிக்க மெல்லிய சுருள் ஸ்பிரிங். இந்தப் பக்கம் கியர் ஆயில், அந்தப் பக்கம் பிரேக் டிரம். நடுவுல இருக்கிற தடுப்பு அந்த உதடு மட்டும்தான்.

வேலையில முதல் விஷயம்: டிரம்மைக் கழட்ட ஹேண்ட் பிரேக்கை விட்டாகணும். அதனால முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை வைங்க. ஜாக்கை மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. டிரம்முல இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. ஆயிலை வடிக்கிறதுக்கு முன்னாடி, ஊத்துற போல்ட் கழலுதான்னு பாருங்க. அது வரலன்னா காலி ஆக்சிலோட வண்டி வாசல்லயே நிக்கும்.

பிரேக் பைப்பையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் விடுவிச்சு, பின் தகட்டோட நட்டுகளைக் கழட்டினா ஆக்சில் வெளியே வரணும். வராது. டிரம்மைத் திருப்பி மாட்டி, வீல் நட்டை நாலு சுத்து மட்டும் போட்டு, டிரம்மை வெடுக்குன்னு இழுத்தோம். மூணாவது இழுப்புல வந்துச்சு. பேரிங் ஆடுதான்னு அப்பவே பாருங்க. ஆடினா அதை மாத்த பிரஸ் வேணும், பட்டறைக்குத்தான் போகணும்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்துல இருந்ததுன்னு அளந்துட்டு நெம்புங்க. கடைக்கு அதையே எடுத்துட்டுப் போங்க. புது சீல்ல ஸ்பிரிங் தெரியற பக்கம் ஆயிலைப் பார்க்கணும். உதட்டுல கிரீஸ் தடவி, அதே அகல சாக்கெட்டை வெச்சு சமமா தட்டி இறக்குங்க.

இவ்வளவுதான்னு நினைச்சா ரெண்டு மாசத்துல மறுபடி ஒழுகும். ஏன் போச்சுன்னு நாம இன்னும் கேக்கலையே.

வடிச்ச ஆயில் பால் காபி நிறத்துல இருந்தது. தண்ணி கலந்திருக்கு. ஆக்சில் குழாய் மேல பிரீதர்னு ஒரு சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. சூடான ஆக்சில் தண்ணியில இறங்கினா உள்ள காத்து சுருங்கும், தண்ணியை உறிஞ்சும். எங்க வண்டியில அந்தத் துவாரத்தை வெள்ளச் சேறு முழுசா அடைச்சிருந்தது. முதல் வருஷத்துல படிச்ச வாயு விதியை இங்க போடுங்க. 30 டிகிரியில இருந்து 80 டிகிரிக்குப் போனா, 303 கெல்வின் 353 ஆகுது. வழி அடைச்சிருந்தா அழுத்தம் சுமார் 16 சதவீதம் ஏறும். அது சீல் வழியாத்தான் வெளியேறப் பார்க்கும். ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் போதும், துவாரம் திறந்துடும்.

கடைசியா பிரேக் ஷூ. "பெட்ரோல் ஊத்திக் கழுவி உப்புத்தாள் போட்டா போதும்டா, புதுசு எதுக்கு?"ன்னார் சித்தப்பா. அவர் சொன்ன மாதிரியே கழுவி வெயில்ல வெச்சோம். மத்தியானத்துக்குள்ள லைனிங்ல எண்ணெய் மறுபடி வேர்த்துச்சு. அவர் எதுவும் பேசல, சட்டையை மாட்டிக்கிட்டு விழுப்புரம் கிளம்பினார். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கிட்டு வந்தார். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடி இழுக்கும்னு அவருக்கே தெரியும்.

எல்லாம் மாட்டி, ஆயில் ஊத்தி, பிரேக்ல காத்து எடுத்து, அரகண்டநல்லூர் ரோட்டுல மெதுவா ஓட்டிப் பார்த்தோம். நேரா நின்னுச்சு. நீங்க வீட்டுல இந்த வேலை செஞ்சா, ஒரு வாரம் கழிச்சு அதே இடத்தை மறுபடி குனிஞ்சு பாருங்க. காய்ஞ்சிருந்தாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்.