அடுப்பைக் குறைத்து வையுங்கள்

சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடெடுத்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடியிலும் உங்களைப் போலச் சிலர் இருக்கிறார்கள். காலையில் படியில் தடதடவென்று இறங்கும் சத்தத்தை வைத்தே யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் ஒருவரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் புண்ணியத்தில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே உப்புமாவோ பொங்கலோ தட்டில் விழுகிறது. கை நிறையச் சம்பளம் வாங்கும் நீங்கள்தான் வெறும் வயிற்றோடு தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கிறீர்கள்.

நேரமில்லை என்பீர்கள். நானும் தாம்பரம்–பீச் வண்டியில் ஏறி இறங்கியே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவள்தான். அந்தத் தடத்தில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. பெண்கள் பெட்டியில் காலைச் சாப்பாடும் அன்றே தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். பல்லாவரம் தாண்டினால் டப்பாக்கள் திறக்கும். ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருப்பாள், பக்கத்திலிருப்பவள் எள்ளுப்பொடி தடவிய இட்லியைப் புடவையில் எண்ணெய் படாமல் சாப்பிட்டு முடிப்பாள். நன்றாகச் சாப்பிட்டவர்கள் யாரும் விடியற்காலையில் எழுந்து பெரிதாகச் சமைத்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வறுத்து, இடித்து, டப்பாவில் போட்டு வைத்தவர்கள். இந்த வித்தையைத்தான் உங்களுக்குச் சொல்லித்தர உத்தேசம்.

அதற்கு முன்னால் ஒன்று. நம் முன்னோர் சாப்பிட்டதெல்லாம் அமிர்தம் என்று பேசும் கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பிறகு அங்கேயே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்ணும் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்றவை கடைசி வரிசையில் நின்றன. தீட்டிய அரிசிச் சோற்றை மலையாகக் குவித்து, ஓரத்தில் குழம்பைக் காட்டும் சாப்பாடு எலிக்கே போதவில்லை. அதனால் பழையது எல்லாம் நல்லது என்று நம்பாதீர்கள். பழையதில் எது நல்லது என்று தேடிப் பிடியுங்கள்.

குன்னூரில் பிறந்த அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2024-ல் அவர்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குக் கொட்டையும் விதையுமாக 35 கிராம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளங்கையைக் குழித்து அள்ளினால் ஒரு கை. அதற்கு மேல் போகவேண்டாம். வேர்க்கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தான். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கால் கிலோவைக் காலி செய்தால் சத்து வராது, தொப்பைதான் வரும்.

உடனே பாதாமுக்கு ஓடாதீர்கள். பாதாம் நல்ல பொருள்தான், வைட்டமின் ஈ அதில் கூடுதல். ஆனால் புரதத்தில் வேர்க்கடலை ஒரு படி மேலே: நூறு கிராமில் சுமார் 25 கிராம் இருக்கிறது, பாதாமில் 20, 21தான். இங்கே விற்கும் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவில் விளைந்து கப்பலேறி வருவது. ஒரு கிலோ பாதாம் வாங்கும் காசில் நாலைந்து கிலோ வேர்க்கடலை வாங்கலாம். நம் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் திண்டிவனம். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விவசாயிகள் வாயில் புழங்கும் கடலை ரகங்கள் அங்கே உருவானவை. விழுப்புரம், திருவண்ணாமலைக்காரர்கள் மல்லாட்டை என்பார்கள். பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதால் புதிதாகக் கிடைக்கும், அதுதான் முக்கியம். எண்ணெய் உள்ள பொருள் எதுவும் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், அது பாதாமோ முந்திரியோ.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் வாங்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, மேலே பச்சையோ மஞ்சளோ பூத்தது எல்லாம் குப்பைக்கு. வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்று புரியாமல் தேடியவர்கள் கடைசியில் தீவனத்தில் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் பிடித்த பூஞ்சை கக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு; வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஈரமும் வெக்கையும் சேர்ந்த இடம் அந்தப் பூஞ்சைக்கு மாமியார் வீடு, நம் சென்னை அப்படிப்பட்ட ஊர். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். தின்னும்போது ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்புங்கள், சபையில் உட்கார்ந்திருந்தாலும்.

இப்போது வறுப்பது. அடிகனமான வாணலி, இரும்பானால் உத்தமம். எண்ணெய் வேண்டாம். அடுப்பைக் குறைத்து வைத்துக் கடலையைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். இங்கேதான் எல்லோரும் பொறுமையிழந்து நெருப்பைக் கூட்டுவார்கள். தோல் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். விட்டுவிடாமல் கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படபடவென்று தோல் வெடிக்கும், மணம் கூடத்துக்கு வரும். ஒன்றை எடுத்துக் கசக்கினால் தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்து, உள்ளே லேசாகச் சிவந்திருக்க வேண்டும். சூட்டில் கடித்துப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். கடலை ஆறிய பிறகுதான் மொறுமொறுக்கும். வாணலியின் சூடே இன்னும் கொஞ்சம் வறுக்கும் என்பதால், சற்று முன்னதாகவே தட்டில் கொட்டிவிடுவது கைதேர்ந்தவர்கள் வழக்கம். பஸ் ஸ்டாண்டு ஓரம் வண்டியில் கடலை வறுப்பவர் மணலைப் போட்டு வறுக்கிறாரே, காரணம் இருக்கிறது. மணல் கடலையை எல்லாப் பக்கமும் மூடிக்கொள்வதால் சூடு சீராக ஏறும். வீட்டில் மணலுக்குப் பதில் உப்பைச் சூடாக்கி அதில் போட்டு வறுக்கலாம். பிறகு சல்லடையில் சலித்து உப்பைத் தனியே வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கும் ஆகும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். எள் இரண்டு மூன்று நிமிடத்தில் பொரிந்துவிடும். ஆளி விதையும் சீக்கிரம் வெடிக்கும். பூசணி விதை உப்பிக்கொண்டு நிறம் மாறும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம். வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கும், ஆபீசில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவர்களுக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பெள்ளில் மண் இருக்கும். தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டி மேலே வரும் எள்ளை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அடியில் கல்லும் மண்ணும் தங்கும். இதற்கு அரிப்பது என்று பேர். அரிக்காமல் செய்த எள்ளுருண்டையை ஒரு கடி கடித்தால் பல் கூசும், ஆயுளுக்கும் மறக்காது. அரித்த எள்ளைத் துணியில் உலர்த்தி, ஈரம் போனபின் வறுக்க வேண்டும். தோலோடு இருக்கும் எள்ளில் நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று கணக்குச் சொல்வார்கள், பாலில் சுமார் 120. கணக்கு சரிதான். ஆனால் யாரும் நூறு கிராம் எள் தின்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எள் பத்து கிராம்கூட வராது. தோலிலுள்ள ஆக்சலேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடம்பில் சேரவும் விடாது. எனவே தயிரை நிறுத்திவிட்டு எள்ளைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் இருக்கட்டும். ஆளி விதையை மட்டும் பொடிக்காமல் தின்னாதீர்கள். முழுதாகப் போனது பெரும்பாலும் முழுதாகவே வெளியேறும்.

ஞாயிற்றுக்கிழமைப் பொடி இப்படி: வறுத்துத் தோல் புடைத்த வேர்க்கடலை ஒரு டம்ளர், எள் கால் டம்ளர், ஆளி விதை இரண்டு கரண்டி. எல்லாம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மிக்ஸியை ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். விட்டு விட்டுத் திருப்புங்கள், ரவை மாதிரி கொரகொரப்பாக வரும்போது நிறுத்துங்கள். பாதியைத் தனியே எடுத்து, வறுத்த மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால் இட்லிக்கும் தோசைக்கும் ஆயிற்று. மீதிப் பாதிதான் உங்கள் அவசரக் காலை. கெட்டி அவலைக் கழுவிப் பிழிந்து தயிரும் உப்பும் போட்டு, மேலே இந்தப் பொடி இரண்டு கரண்டி. அல்லது அவலோடு வெல்லம், தேங்காய்த் துருவல், பொடி. குளித்துவிட்டு வருவதற்குள் அவல் ஊறிவிடும். கேழ்வரகுப் புட்டு செய்யத் தெரிந்தவர்கள் அதன்மேல் தூவிக்கொள்ளலாம். பொடி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், வாரத்துக்குமேல் வைக்கவேண்டாம்.

சத்துமாவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பச்சைப்பயறு எல்லாம் வறுத்து, சூடு முழுக்கத் தணிந்த பிறகே மில்லுக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்தார்களா என்று கேளுங்கள். கேட்காமல் போய்க் காரக்கஞ்சி குடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடலையையும் எள்ளையும் அதில் கலக்காமல் பொடியாகத் தனியே வைத்துக்கொண்டால் மாவு கூடுதல் நாள் தாங்கும். கஞ்சி காய்ச்சி இறக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். கடையில் மல்டிகிரெய்ன் என்று எழுதிய பிஸ்கெட்டை வாங்குமுன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கேழ்வரகு என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

சாயங்காலத்துக்குக் கடலையுருண்டை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அவர்களோடு நமக்குப் போட்டி வேண்டாம். வீட்டுக்குப் போதுமான அளவில் செய்வோம். கடலை இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றிக் காய்ச்சுங்கள். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் உருண்டு வரவேண்டும். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் பாகு இளசு, உருண்டை மறுநாள் பிசுபிசுக்கும். அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். தனியாளாகச் செய்தால் பாதி பிடிப்பதற்குள் மீதி இறுகிவிடும், அறைத்தோழர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இருநூறு கிராம் கடலைக்கு நூறு கிராம் வெல்லம் போட்டுப் பதினைந்து உருண்டை பிடித்தால், ஒன்றில் ஏழு கிராம் வெல்லம் வருகிறது. வெல்லம் இயற்கையானது, எவ்வளவு தின்றாலும் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்; உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்கிறது. காப்பியில் போடுவதையும் கணக்கில் சேர்த்தால் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உருண்டையை நீட்டுமுன் அதன் அம்மாவைக் கேளுங்கள். சிலருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, வாயும் தொண்டையும் வீங்கி மூச்சு முட்டும் அளவுக்குப் போகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையே கூடாது, தொண்டையில் சிக்கும். பொடியாகக் கஞ்சியில் கலந்து கொடுப்பதே பத்திரம்.

வாணலி இல்லை, மிக்ஸி இல்லை என்பவர்கள் கீழே வந்து கேளுங்கள், தருகிறேன். மிக்ஸி ஜாரை மட்டும் மிளகாய் வாடை போகக் கழுவித் திருப்பிக் கொடுங்கள், மறுநாள் காலை எனக்கு அதில் தேங்காய் அரைக்க வேண்டும்.