உடலும் அமானிதமே
1995ஆம் ஆண்டு. ஓதிக்கொடுப்பதற்காக நாள்தோறும் 30 கிலோ மீட்டர் மிதிவண்டியில் சென்று வந்தேன். தொடையிடுக்கில் தோல் உரிந்து புண்ணாயிற்று. வெளியே சொல்ல நாணினேன். தொழுகையின் இருப்பில் அமர முடியாமல் நான் தவித்ததைக் கண்ட முதிய உஸ்தாத், தனியே அழைத்துக் கேட்டார், கூறினேன்.

"பிள்ளைகளுக்குக் குளிப்பின் சட்டங்களைக் கூசாமல் கற்பிக்கும் நீர், உமது புண்ணை ஏன் மறைத்தீர்?" என்றார்.

பின்னர் வண்டியைப் பார்த்தார். இருக்கை மிக உயரமாக இருந்தது. மிதிக்கும்தோறும் இடுப்பு இருபுறமும் அசைந்து தோலை உராய்ந்திருக்கிறது. மிதிகட்டை கீழே வரும்போது குதிகால் அதில் படியும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்தினார்.

தடித்த தையல் உறுத்தாத உள்ளாடை, புறப்படுமுன் சிறிது வாஸ்லின், வழியில் அவ்வப்போது இருக்கையைவிட்டு எழுதல், சேர்ந்ததும் கழுவி ஈரம் போகத் துடைத்து உடை மாற்றுதல் ஆகியவற்றைச் சொல்லித் தந்தார். புண் ஆறும்வரை வண்டி ஏறலாகாது. சீழ் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

பேருந்தில் சென்றுவந்த ஒரு வாரத்தில் புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். உராய்வும் வியர்வையும் அழுத்தமும் சேர்ந்து உண்டாக்கியதை என் நாணமே வளர்த்திருந்தது. இறைவன் ஒப்படைத்த அமானிதமன்றோ இவ்வுடல்!

இன்று தொலைவிலிருந்து மிதிவண்டியில் வரும் மாணவரிடம், பாடம் தொடங்குமுன் இருக்கையின் உயரத்தை விசாரிக்கிறேன்.